தட்டினால் விட்டுவிடுவார்கள்

அந்த அக்காவின் கழுத்தை எங்கள் வகுப்பில் யாரும் முழுசாக நெரித்ததே கிடையாது. அதற்குள் தட்டிவிடுவாள். பின்னாலிருந்து கையைக் கொண்டுபோய், அது அவள் மோவாய்க்குக் கீழே போயிற்றா இல்லையா என்று நமக்கே சரியாகத் தெரியாதபோது, நம் முழங்கையில் பட் பட்டென்று ரெண்டு தட்டு விழும். உடனே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். விட்டதும் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஏனென்றால் நான்தான் அவளுக்கு ஜோடி. நெரிக்கவே விடாத ஆளை வைத்துக்கொண்டு நான் எங்கே நெரிக்கக் கற்றுக்கொள்வது?

சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் அந்த ஜியு-ஜிட்சு வகுப்பு நடந்தது. தகரக் கூரை, தரை முழுக்க நீல நிற ரப்பர் பாய், சுவரில் ஒரு மின்விசிறி. கராத்தே மாதிரி குத்துவதும் உதைப்பதும் இதில் இல்லை. கட்டிப் புரள வேண்டும், கையை மடக்க வேண்டும், கழுத்தைப் பிடிக்க வேண்டும், பிடித்தவரிடமிருந்து தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு பேட்ச். மாஸ்டர் என்றால் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். என்னைவிட ரெண்டு மூன்று வயது கூடுதலான பையன், ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் குவாலிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, வார விடுமுறையில் இதை நடத்திவந்தான். எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர் என்றதால் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார்.

நான் திருநெல்வேலிப் பக்கம். செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைன், ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். அந்த நாளில் ஹாஸ்டல் ரோட்டில் ஒருத்தன் பைக்கில் வந்து பெண்களின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கோபத்தில் நாங்கள் நாலைந்து பேர் போய்ச் சேர்ந்தோம். அக்கா எங்களோடு சேர்த்தியில்லை. முப்பது தாண்டியவள், கல்யாணமானவள், வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒரகடத்தில் கார் வயரிங் கம்பெனியில், கட்டுக்கட்டாக ஒயரைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றும் வேலை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஓ.டி. என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

"நீங்க எதுக்குக்கா இதுல சேந்தீய?" என்று முதல் நாளே கேட்டேன். என் வாய் அப்படி, சும்மா இருக்காது.

"பஸ்ல போவசொல்ல பாத்தேன். கீழ பேனர்ல ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்த புட்ச்சிகினு கீறானே, அந்தப் படத்த பாத்துட்டுதான் வந்தேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் 'திர்நவேலி'. என் பெயரை அவள் கடைசிவரை கேட்கவே இல்லை.

முதல் வகுப்பில் மாஸ்டர் பிடி எதையும் சொல்லித்தரவில்லை. தட்டுவதைத்தான் சொல்லித்தந்தார். வலித்தாலும், மூச்சு முட்டினாலும், சும்மா பயமாக இருந்தாலும் சரி, எதிராளியின் மேலோ பாயிலோ ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு விழுந்த அந்த நொடியே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். விடாதவர் அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரக்கூடாது. நாங்கள் தலையாட்டினோம். அக்கா மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"தட்டுனா வுட்டுடுவாங்களா மாஸ்டர்?"

"விட்டுடுவாங்கக்கா."

"எவ்ளோ கோவத்துல இருந்தாலும்?"

"இங்க யாரும் கோவத்தோட வர மாட்டாங்க."

"இல்ல, ஒருவேள கோவமா கீறாங்கன்னு வெச்சிக்கோங்களேன்."

"அப்பவும் விடணும்."

"நம்ம பேர்ல எதனா தப்பு இருந்தா?"

மாஸ்டர், "தப்பு இருந்தாலும் விடணும்க்கா" என்றார்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று முழுக்க ஒவ்வொருத்தியிடமும் போய், "ஏ, என் கழுத்த புடி, நான் தட்றேன், வுட்றியான்னு பாக்கறேன்" என்று கழுத்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தாள். எல்லாரும் விட்டோம். கடைசியாக மாஸ்டரிடமும் கொடுத்தாள். அவரும் விட்டார். "சூப்பரா கீதுல்ல?" என்று என் தொடையில் அடித்தாள். இதில் என்ன சூப்பர் என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்பு முடிந்து படியிறங்கும்போதும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள்.

"எங்க லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும் திர்நவேலி. எதனா கோளாறாச்சின்னா அத்த இழுத்தா லைன் நின்னுடும். ஆனா இழுத்துப் பாரு, சூப்பர்வைசர் ஓடியாந்து வாய்க்கு வந்ததப் பேசுவான். அத்தொட்டு எவளும் அத்த தொடமாட்டா. இங்க பாரு, தட்டுனா நிக்கிது. ஏன் தட்டுனன்னு யாரும் கேக்கறதில்ல."

புதிதாக வருகிறவர்கள் கழுத்தில் கை விழுந்ததும் துள்ளுவார்கள். நான் மாஸ்டரின் கையைக் கடித்தேவிட்டேன், அதை வைத்து ரொம்ப நாள் என்னை ஓட்டினார்கள். அக்கா துள்ளவில்லை. பி.பி. பார்க்கக் கையை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். மாஸ்டருக்கே ஆச்சரியம். "அக்கா, ஏதாச்சும் பண்ணுங்க. கையப் புடிங்க, திரும்புங்க" என்றார். "ஆடாம இருந்தா சீக்கிரம் வுட்டுடுவாங்கல்ல?" என்றாள் அவள். அன்றைக்கு, என்ன இது இவ்வளவு மந்தமான ஆளாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

மாஸ்டர் வாராவாரம் சொல்கிற ஒரு பாடம் உண்டு. கழுத்துக்குள் கை வந்து பூட்டிய பிறகு தப்பிப்பது கஷ்டம். தொண்டையை முன்பக்கம் அழுத்தினால் இருமல் வரும், வலிக்கும், கொஞ்சம் நேரம் கிடைக்கும். கழுத்தின் ரெண்டு பக்கமும் அழுத்தினால் வலிகூடத் தெரியாது, சத்தமே இல்லாமல் கண் இருட்டி நினைவு போய்விடும். அதனால் கையை வரவிடாமல் இருப்பதுதான் வித்தை. மோவாயை நெஞ்சோடு ஒட்டவை, தோளைத் தூக்கு, அவன் கையை உன் ரெண்டு கையாலும் பிடி, முதுகைக் கொடுக்காதே.

"அது எப்டி மாஸ்டர்?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். "ரோட்ல போறவன்னா சரி, கிட்ட வரசொல்லவே உசாரா இருக்கலாம். கூடவே கீறவங்க கைய எப்டி வரவுடாம பண்றது?"

மாஸ்டர் அவள் பயிற்சி ஜோடியைச் சொல்கிறாள் என்று நினைத்து, என்னை வைத்து ஏதோ செய்து காட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு வித்தை வரவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நாள் முழுக்க டேப் இழுத்துச் சுற்றிய விரல்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்தால் நமக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒரு நாள் நான் கடுப்பில், "இன்னிக்கு நீங்க தட்டவே கூடாதுக்கா. தப்பிச்சுப் போங்க, பாக்கலாம்" என்று பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் முழித்தாள். பிறகு என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்து, மோவாயை என் முழங்கை மடிப்புக்குள் திருப்பி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி வெளியே வந்துவிட்டாள். நான் மல்லாந்து கிடந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிச்சிதா? கோவமா கீறியா? ஏ திர்நவேலி, கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு எதுக்குக்கா கோவம்? நல்லாத்தான செஞ்சீய?"

"இல்ல, தப்பிச்சா எதிர்ல கீறவங்களுக்கு இன்னும் கோவம் ஏறும். தட்டுனா ஏறாது" என்றாள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இடது கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது. குரலும் கம்மியிருந்தது. தூசி விழுந்து கசக்கிவிட்டேன் என்றாள். தூசிக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், அவள் இத்தனை நாள் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வகுப்பு முடிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடைக்குப் போனேன்.

"யாருக்கா? உங்க வீட்டுக்காரரா?"

மறைக்கவே இல்லை. ஏதோ அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அவருதான். மூஞ்சில கைவைக்க மாட்டாரு, அத்த சொல்லணும். நான் வேலைக்குப் போறவ, நாலு பேரு பாப்பாங்கன்னு தெரியும். கழுத்த புட்ச்சா வெளிய தெரியாதுல்ல? செவுத்துல சாச்சி புட்ச்சிக்குவாரு. கொஞ்ச நேரம்தான். அப்பால அவரே தண்ணி மொண்டாந்து குடுப்பாரு."

"குடிப்பாராக்கா?"

"ஐய, தொடவே மாட்டாரு. கம்பெனில வேலைய வுட்டு எடுத்துட்டாங்க, அப்பால காண்ட்ராக்டுல மறுபடி அதே கம்பெனிக்கே போறாரு. பழைய கூட்டாளிங்கல்லாம் பர்மனெண்ட்டு, இவரு அவங்களுக்கு கீழ. அந்தக் கடுப்புதான்."

போலீஸுக்குப் போகலாம் என்றேன். ஒரு தடவை போனாளாம். ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் புத்தி சொல்லி அனுப்பினார்களாம். அம்மா வீட்டுக்குப் போங்கள் என்றேன். அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது, தன் பெண் பத்தாவது படிக்கிறாள், பரீட்சை இருக்கிறது என்றாள். என் ஹாஸ்டலுக்கு வந்துவிடுங்கள் என்றேன். எட்டுப் பேர் படுக்கிற அறைக்கு! அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்தாள். இந்தக் கொடுமையை நான் எங்கே போய்ச் சொல்ல?

மாஸ்டரிடம்தான் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து பேட்சுக்கே பாடத்தை மாற்றினார். காரணம் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும், எதிராளி முன்னாலிருந்து ரெண்டு கையாலும் கழுத்தைப் பிடிப்பார். மோவாயை இறக்கு, கட்டைவிரலைப் பிடுங்கு, பக்கவாட்டில் அடியெடுத்து வை, தோளோடு திரும்பு, வாசலை நோக்கி ஓடு. ஓடு என்பதை அவர் ரொம்ப அழுத்திச் சொன்னார். "சண்டை போட நிக்காதீங்க. கதவு எங்க இருக்குன்னு பாருங்க, ஓடுங்க." அக்காவும் நானும் அந்தச் சுவரில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டியிருப்போம் என்று தெரியாது. தட்டினால் விடமாட்டேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். கடைசியில் பேட்சிலேயே அவள்தான் வேகம். நான் பிடிக்க வேண்டியதுதான், வாசல்படியில் நிற்பாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அக்கா பை நிறைய சூடாக மசால் வடை வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. குரல் மட்டும் கரகரவென்று இருந்தது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் வடையை எடுத்து நீட்டினாள். "மாஸ்டர், நீங்கதான் மொதல்ல எடுத்துக்கணும்" என்றாள்.

"என்னக்கா விசேஷம்?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம ராத்திரி சோறு கொழஞ்சிட்ச்சின்னு சண்ட. அடுப்பாண்ட செவுத்துல சாச்சி புட்ச்சிட்டாரு. நீங்க சொல்லிக்குடுத்தது ஒன்னுகூட வர்ல திர்நவேலி. மோவாயி, கட்டவெரலு, ஒன்னும் நெனப்புல இல்ல. கையி பாட்டுக்கு அவரு கைய தட்டுது. பட்டு பட்டுன்னு. எனக்கே தெர்ல, கை தானா தட்டுது."

பேட்சில் ஒருத்தியும் வடையை வாயில் வைக்கவில்லை.

"அவரு பயந்துட்டாரு. டக்குனு வுட்டுட்டு, 'இன்னாடி தட்ற? கொழந்தைய தூங்கவெக்கற மாதிரி'ன்னாரு. நானு சொல்ட்டேன். இந்த மாதிரி ஒரு க்ளாஸுக்குப் போறேன், அங்க இதான் ரூலு, தட்டுனா வுட்டுடணும்னு. நல்லா அடிபோடப் போறாருன்னு நெனச்சா, மனுசன் சிரிக்கறாரு! 'அப்டியா ரூலு?'ன்னு. நம்ப மாட்டீங்க, அதுக்கு அப்பால ரெண்டு மூணு வாட்டி புட்ச்சாரு. தட்டுனேன். வுட்டுட்டாரு. சொன்ன சொல்ல காப்பாத்தறாரு மாஸ்டர்! நானே சொல்லிக்குடுத்தேன் அவருக்கு!"

பெருமையாகச் சொன்னாள். புருஷனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி அவ்வளவு பெருமை. மாஸ்டர் எழுந்து மின்விசிறியின் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பேட்சில் ஒரு சின்னப் பெண், "நல்லதுதானக்கா, அது வரைக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"எது நல்லதுக்கா? இங்க நான் ஒங்களப் பிடிப்பேன், நீங்க என்னையப் பிடிப்பீய. நீங்களும் தட்டுவீய, நானும் தட்டுவேன். அதனாலதான் ரெண்டு பேரும் விடுதோம். அவரு என்னைக்காவது ஒங்ககிட்டத் தட்டியிருக்காரா?"

அக்கா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"அவரு எதுக்குத் தட்டணும்? அவர யாரு புடிக்கறாங்க?"

வடைப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அன்றைய பயிற்சியைச் செய்தோம். சுவர்ப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. "அது இனிமே எதுக்கு? தட்டுனா போதும்" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டார். சம்பந்தப்பட்டவர் பேசினால் உடனே ஆள் அனுப்புகிறோம், தங்க இடமும் ஏற்பாடு செய்வோம் என்றார். அடுத்த ஞாயிறு அக்காவை மாடிப்படியில் உட்காரவைத்து, மறுபடி போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன். "ஒன்னும் இல்ல மேடம். முன்ன பிரச்சன இருந்திச்சி. இப்ப நாங்க பேசி தீத்துகினோம்" என்றாள். அந்த அம்மா எவ்வளவோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். கழுத்தைப் பிடிப்பது மற்ற அடி மாதிரி இல்லை, உயிர் போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றுவிட்டு, போனை என் கையில் கொடுத்து, "நல்ல மாதிரி பேசறாங்க பாவம்" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அப்படி நினைத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவள் புருஷனை ஒரே ஒரு தடவை பார்த்தேன். வகுப்பு முடிகிற நேரத்துக்கு, அவளை அழைத்துப் போக வந்து, ஹார்டுவேர் கடை வாசலில் பைக்கோடு நின்றார். எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. என்னைக் கண்டதும், "திருநெல்வேலிப் பொண்ணு நீதானா? எப்பப் பாரு உன் பேச்சுதான்" என்றார். மாஸ்டர் இறங்கி வந்ததும் கும்பிட்டார்.

"ரொம்ப நல்ல காரியம் பண்றீங்க சார். இப்ப வூட்ல சண்டையே கம்மியாய்ட்ச்சி. நானும் கத்துக்கலாமா? ஆம்பளைங்களுக்கு எப்ப க்ளாஸு?"

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆம்பளைங்க பேட்ச் இல்ல சார்" என்றார். பொய். சனிக்கிழமையும் ஞாயிறு சாயங்காலமும் ஆண்கள் பேட்ச் உண்டு. அது பேனரிலேயே எழுதியிருந்தது. அக்காவின் புருஷன் தலையைத் தூக்கிப் பேனரைப் படித்தார். படித்துவிட்டுப் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, எங்களைப் பார்த்து, ஏன் இப்படி அவமானப்படுத்தினீர்கள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. போன் போட்டால், "கத்துக்கினாச்சில்ல, போதும்" என்பாள். கொஞ்ச நாளில் போனையும் எடுக்கவில்லை. மாஸ்டரும் நானும் ஒரு முறை வடக்குப்பட்டுக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, "வேலைக்குப் போய்க்கீதுங்க, நீங்க யாரு?" என்று கேட்டார். யார் என்று சொல்வது? கூட வேலை பார்க்கிறவர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். மாஸ்டர் ஒரகடம் கூட்ரோட்டில் வண்டியை நிறுத்தி, "தட்டச் சொல்லிக்குடுத்ததுக்குப் பதிலா ஓடுறதையே மொதல்ல சொல்லிக்குடுத்திருக்கணும்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? எந்த ஊரில் எவன் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் தட்டுவதைத்தான் சொல்லிக்கொடுப்பான்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம், மதிய ஷிப்ட் மாறுகிற நேரத்தில், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "இன்னா திர்நவேலி, எளச்சிட்ட?" என்றாள். குரல் என்று ஒன்றும் இல்லை. வெறும் காற்று வந்தது. குனிந்து வாயருகில் காதை வைத்தால்தான் கேட்டது. ரெண்டு கண்ணிலும் வெள்ளை சிவந்து கிடந்தது. பெண் பதினொன்றாவது சேர்ந்துவிட்டாள் என்றாள். கம்பெனியில் அவளை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். நான் எதையும் காதில் வாங்கவில்லை.

"அக்கா, இன்னும் பிடிக்காராக்கா?"

"அது எங்க போவுது."

"தட்டுனா விடுதாரா?"

"வுட்றாரு, வுட்றாரு." என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கையைத் தட்டிக்கொடுத்தாள். "இப்பல்லாம் கொஞ்சம் லேட்டா வுட்றாரு. அவ்ளோதான்."

"லேட்டுன்னா எவ்வளவுக்கா? எவ்வளவு நேரம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள், எனக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று.

"அது எனக்கு எப்டி தெரியும் கண்ணு? முழிச்சிப் பாத்தா வுட்டுட்டுதான் இருக்காரு."

கம்பெனி பஸ் வந்து நின்றது. என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறி, ஜன்னல் பக்கம் சீட் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.